பெட்டிக்குள் ஒரு புற்று

‘கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது போல’ என்று நாம் குறையாகத்தான் சொல்கிறோம். பாம்பின் பக்கமிருந்து பார்த்தால், அது வீடு பார்க்கத் தெரிந்ததன் அடையாளம். கானா, டோகோ, பெனின் நாடுகளின் புல்வெளிகளில் வாழும் ராயல் பைத்தானே இதற்குச் சாட்சி. பயந்தால் தலையை நடுவில் மறைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்வதால் அமெரிக்காவில் இதை ‘பால் பைத்தான்’ என்பார்கள்; உலகில் அதிகம் வளர்க்கப்படும் பாம்புகளில் இதுவும் ஒன்று. மேலே மண் காய்ந்து கிடக்கும் மாதங்களிலும் இது எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் பகலைக் கழிக்கிறது. அங்கே சூடு மட்டுப்பட்டிருக்கும். மண்ணின் ஈரம் காற்றில் தங்கியிருக்கும். இதற்குப் பெட்டி அமைக்கப் புகுந்தவர் ‘ஆப்பிரிக்கா, வெயில், வறட்சி’ என்று முடிவு கட்டினால், அவர் ஊரைப் பார்த்தாரே தவிர வீட்டைப் பார்க்கவில்லை. சூட்டையும் ஈரத்தையும் பேணுவதென்றால் ஏதோ ஓர் எண்ணைப் பிடித்துவைப்பது என்றே பலரும் நினைக்கிறார்கள். சில அடி நீளத்துக்குள் பல பருவங்களை வரிசையாக வைத்து, எது வேண்டும் என்ற முடிவைப் பாம்பிடமே விடுவதுதான் இந்தக் கலை என்பது என் கட்சி.

பாம்பு தனக்கு வேண்டிய சூட்டைப் பெரும்பாலும் இடம் மாறித்தான் வாங்கிக்கொள்கிறது. ரேமண்ட் கௌல்ஸ், சார்லஸ் போகெர்ட் இருவரும் கலிஃபோர்னியப் பாலைவன ஊர்வனவற்றை ஆராய்ந்து 1944-இல் இதைத் தெளிவாக எழுதினார்கள். ‘குளிர் ரத்தப் பிராணி’ என்று நாம் ஒதுக்கிய உயிர்கள் வெயிலுக்கும் நிழலுக்குமாக நகர்ந்தே உடற்சூட்டைக் குறுகிய எல்லைக்குள் வைத்துக்கொள்கின்றன. கைவினை இந்த ஆய்வையும் முந்திக்கொண்டிருந்தது. லண்டன் மிருகக்காட்சி சாலையில் ஊர்வனப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த ஜோன் புரோக்டர் திட்டமிட்ட ஊர்வன இல்லம் 1927-இல் திறக்கப்பட்டது. கட்டடம் முழுவதும் ஒரே புழுக்கமாக இல்லாமல், இடத்துக்கு இடம் வேறு சூடு கிடைக்கும்படி அதில் மின்சாரத்தைப் பயன்படுத்தினார் அவர். இன்று ராயல் பைத்தான் பெட்டியில் ஒரு முனை 32 டிகிரி செல்சியஸ், மறுமுனை 25 என்று அமைப்பது அந்த வழியில் வந்ததுதான். இதில் ரசிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு: இரண்டு முனையிலும் ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். ஒரே முனையில் இருந்தால், கூச்ச சுபாவமுள்ள இந்தப் பாம்பு மறைவுக்காகச் சூட்டைத் துறந்து கிடக்கும். நீங்கள் கொடுத்த ஏழு டிகிரியும் வீண்.

ஈரம் இன்னும் குறும்புக்காரச் சரக்கு. அதைச் சூட்டிலிருந்து பிரித்துப் பேசவே முடியாது. 25 டிகிரியில் ஈரப்பதம் 80 சதவீதம் காட்டும் காற்று, ஒரு சொட்டு நீரும் இழக்காமல் 32 டிகிரிக்குச் சூடானால் ஏறக்குறைய 53 சதவீதம்தான் காட்டும். நீர் அதே அளவு, கொள்ளளவுதான் பெருத்துவிட்டது. ஆக, ‘இந்தப் பெட்டியின் ஈரப்பதம் எவ்வளவு?’ என்று கேட்டால், ‘எந்த மூலையில்?’ என்பதே சரியான பதில். புதிதாக வளர்ப்பவர் அளவுமானி இறங்கும்போதெல்லாம் தண்ணீரைப் பீய்ச்சுகிறார், முள் ஏறுகிறது, சற்று நேரத்தில் வலைமூடி வழியே சூடான காற்றோடு ஈரமும் கிளம்பிப் போய்விடுகிறது. கைதேர்ந்தவர் அடியில் தேங்காய் நார்த்தூளைக் கனமாகப் பரப்பி, மூலைகளில் தண்ணீரை ஊற்றி இறக்குகிறார். அடித்தளம் நனைந்திருக்க, மேற்பரப்பு காய்ந்திருக்கும். வயிறு எப்போதும் ஈரத்தில் பட்டுக் கிடந்தால் செதில்கள் புண்ணாகும் என்பதால் இந்த ஏற்பாடு. வலைமூடியில் பாதியை அடைத்து, மறைவிடம் ஒன்றில் ஈரப்பாசி வைத்துவிட்டால், புற்றின் குணம் பெட்டிக்கு வந்துவிடும்.

இந்த வேலைக்கு மதிப்பெண் போடுவது பாம்பின் சட்டை. உரிக்கும் காலம் நெருங்கினால் உடல் மங்கும், கண்கள் பால் கலந்த நீலமாகும். பிறகு கண் தெளியும். சில நாளில் மூக்கு நுனியில் தோல் பிரியத் தொடங்கும். ஈரம் சரியாக இருந்தால், காலுறையைக் கழற்றுவதுபோல உள்புறம் வெளியே திரும்பி, மூக்கிலிருந்து வால்நுனிவரை ஒரே துண்டாக வரும். பாம்புக்கு இமை இல்லை. கண்ணை மூடியிருப்பது ஒளி புகும் ஒரு செதில். உரிந்த சட்டையின் தலைப்பகுதியை வெளிச்சத்தில் பிடித்தால் இரண்டு சின்னஞ்சிறு கண்ணாடிக் கிண்ணங்கள் தெரிய வேண்டும். அவை இல்லாமல் சட்டை கந்தலாகக் கிடந்தால், பழைய செதில் கண்ணிலேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். அளவுமானி எதைக் காட்டியிருந்தாலும் அந்தப் பெட்டி தேறவில்லை.

இதெல்லாம் தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்ளும் வேலை, இதில் கலை எங்கே என்று கேட்கலாம். தெர்மோஸ்டாட் இல்லாத சூடேற்றி பாம்பைச் சுட்டுவிடும். அதன் அவசியத்தை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அதற்குத் தெரிவது தன் உணர்முனை இருக்கும் இடம் மட்டும். முனையை எங்கே வைப்பது என்று முடிவுசெய்யும் கைக்குத்தான் தேர்ச்சி வேண்டும். வணிகமாக இனப்பெருக்கம் செய்பவர்கள் பிளாஸ்டிக் தட்டுகளை அடுக்கி அவற்றில் பாம்புகளை வளர்க்கிறார்களே, அந்தப் பாம்புகள் தின்று முட்டையிடவில்லையா என்பது அடுத்த கேள்வி, இன்னும் வலுவானது. தின்பதும் பெருகுவதும் உயிர் தாங்கும் என்பதற்குச் சான்று. போக்கிடம் இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. கௌல்ஸும் போகெர்ட்டும் கண்ட நகர்வுக்கு அந்தத் தட்டில் இடம் குறைவு.

பாம்பை அடைத்து வைப்பதே தவறு என்பாரும் உண்டு. அந்த வாதத்தை எந்த நேர்த்தியான பெட்டியாலும் முறியடிக்க முடியாது. இந்தியாவில் நம் நாட்டுப் பாம்பை வீட்டில் வளர்க்க 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் இடம் தருவதில்லை. ராயல் பைத்தான் போன்ற அயல் இனங்களையும் அரசிடம் பதிய வேண்டும். இருந்தாலும் மிருகக்காட்சி சாலைகளிலும் நஞ்சு எடுக்கும் இடங்களிலும் பாம்புகள் மனிதர் பொறுப்பில் இருக்கத்தான் செய்கின்றன. வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில், அவை நஞ்சு எடுப்பதற்காக மண்பானைகளில் சில வாரம் இருந்துவிட்டுக் காட்டுக்குத் திரும்புகின்றன. பானையும் இருட்டானது, நுண்துளைகளால் மூச்சுவிடுவது, மண்ணால் ஆனது. புற்றுக்கு ஒருவகையில் உறவு. அடைப்பது என்று ஆனபின், எப்படி அடைக்கிறோம் என்பதில் பொறுப்பு தொடங்குகிறது. அடுத்த முறை ஒரு பாம்புப் பெட்டியின் முன் நின்றால் சுவரில் ஒளிரும் எண்ணை விடுங்கள். பாம்பு எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். நாலு மணி நேரம் கழித்து வந்தும் பாருங்கள். சில நாள் பார்த்ததில் ஒரு நேரம் வெதுவெதுப்பிலும் ஒரு நேரம் ஈர மூலையிலுமாக இருந்தால், கட்டியவருக்குக் கரையானின் தொழில் தெரிந்திருக்கிறது.