நேரலைத் தரவு இணைப்பும் செயலியின் நிலையும்: கைட் கனெக்ட் வழி ஒரு மதிப்பீடு

பங்கு விலை, கிரிக்கெட் ஓட்டங்கள், ரயில் வரும் நேரம் போன்றவை மாறிக்கொண்டே இருப்பவை. பக்கத்தை மீண்டும் ஏற்றாமல் இவற்றை உடனுக்குடன் காட்ட, வலைச் செயலிகள் வழங்கியுடன் ஓர் இணைப்பைத் திறந்தே வைத்துக்கொள்கின்றன. இது நேரலைத் தரவு இணைப்பு எனப்படும். இந்த இணைப்பைச் செயலிக்குள் எங்கே வைப்பது, அறுந்தால் பயனருக்கு எதைக் காட்டுவது என்பவை முன்முனை நிரலாக்கத்தின் நீண்டகாலக் கேள்விகள். பெங்களூரின் செரோதா நிறுவனம் நிரலாளர்களுக்கு வழங்கும் கைட் கனெக்ட் இடைமுகத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை அவற்றை மதிப்பிடுகிறது.

பின்னணி

பழைய முறையில் உலாவி கேட்டால்தான் வழங்கி பதில் தரும். புதிய விலை வேண்டுமானால் சில வினாடிகளுக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 2011 டிசம்பரில் ஆர்.எஃப்.சி. 6455 ஆக வெளியான வெப்சாக்கெட் நெறிமுறை இதை மாற்றியது. ஒருமுறை இணைந்துவிட்டால் இரு பக்கமும் விரும்பும் நேரத்தில் செய்தி அனுப்பலாம்.

கைட் கனெக்ட் விலைகளை இந்த வழியில்தான் அனுப்புகிறது. ஓர் இணைப்பில் 3000 வணிக உருப்படிகள் வரை கேட்கலாம். ஒரு சாவிக்கு 3 இணைப்புகள் வரை அனுமதி உண்டு. ஒரு பங்கின் கடைசி விலை மட்டும் போதுமென்றால் 8 பைட், கூடுதல் விவரத்துக்கு 44 பைட், முழு விவரத்துக்கு 184 பைட் என மூன்று அளவுகளில் தரவு வரும். வேண்டிய அளவை மட்டும் கேட்டுப் பெறலாம் என்பது இந்த வடிவமைப்பின் சிறப்பு.

இணைப்பை எங்கே வைப்பது

முதல் வழி, திரையில் தெரியும் கூறுக்குள்ளேயே இணைப்பைத் திறப்பது. தொடக்கநிலை நிரலாளர்கள் பலரும் இதையே செய்கின்றனர். பயனர் வேறு பக்கத்துக்குப் போனால் இணைப்பு மூடும், திரும்பினால் மீண்டும் திறக்கும். இரண்டு கூறுகள் இருந்தால் இரண்டு இணைப்புகள் உருவாகும். மூன்று என்ற வரம்பு விரைவில் தீர்ந்துவிடும். 2022 மார்ச்சில் வந்த ரியாக்ட் 18, உருவாக்கநிலையின் கண்டிப்பு முறையில் ஒவ்வொரு கூறையும் ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றிப் பார்க்கிறது. இணைப்பை மூட மறந்தவர்களின் பிழை அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

இரண்டாம் வழி, இணைப்பையே மையநிலையில் சேமிப்பது. 2015இல் வெளிவந்த ரெடக்ஸ் போன்ற நிலைக் களஞ்சியங்கள் எண், சொல், பட்டியல் போன்ற எளிய மதிப்புகளுக்கானவை. அவற்றை எழுதி வைக்கலாம், திரும்பப் படிக்கலாம். உயிருள்ள இணைப்பை அப்படி எழுதி வைக்க முடியாது. குடத்தில் தண்ணீரைப் பிடித்து வைக்கலாம், குழாயை வைக்க முடியாது.

மூன்றாம் வழி, இணைப்பைக் களஞ்சியத்துக்கு முன்னால் நிற்கும் மிடில்வேரில் வைப்பது. ரெடக்ஸ் ஆவணமும் இதையே பரிந்துரைக்கிறது. இணைப்பு ஓரிடத்தில் மட்டும் இருக்கும். கூறுகள் தமக்கு வேண்டிய பங்கைக் கேட்டால் போதும். மூன்றில் இதுவே சிறந்தது. ஆனால் வரும் ஒவ்வொரு விலையையும் அப்படியே களஞ்சியத்துக்குள் தள்ளினால் திரை திணறும். பெரும்பாலான திரைகள் வினாடிக்கு 60 முறைதான் வரைகின்றன. எனவே விலைகளைச் சேர்த்துவைத்து, ஒரு வரைவுக்கு ஒருமுறை கொடுப்பது நல்லது. இது விலைக்குப் பொருந்தும், ஆணைச் செய்திக்குப் பொருந்தாது. பழைய விலையைப் புதிய விலை மறைக்கலாம். ஆனால் ஆணை ஏற்கப்பட்டது, நிராகரிக்கப்பட்டது என்ற செய்திகளில் ஒன்றைக்கூட விடக்கூடாது. கைட் கனெக்டில் இரண்டும் ஒரே இணைப்பில் வருவதால் நிரலாளரே பிரித்துக் கையாள வேண்டும்.

உயிர் இருக்கிறதா என்று அறிதல்

ராஜபாளையத்தில் ஒருவர் வீட்டு வைஃபையில் பங்கு விலையைப் பார்த்தபடி, திருவில்லிபுத்தூர் அருகிலுள்ள திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்குப் புறப்படுகிறார் எனக் கொள்வோம். தெருமுனையைத் தாண்டியதும் வைஃபை விட்டுப்போய்க் கைப்பேசி அலைவரிசை வருகிறது. பழைய இணைப்பு இறந்துவிட்டாலும், அது மூடப்பட்டதாக உலாவிக்குச் செய்தி வருவதற்கு நேரமாகலாம். திரையில் கடைசி விலை அப்படியே நிற்கும். விலை அசையவில்லை என்று அவர் எண்ணுவார். அதை நம்பி ஆணையிட்டால் நட்டம் அவருடையது.

தரவு இல்லாத நேரத்திலும் சில வினாடிகளுக்கு ஒருமுறை ஒரு பைட் அளவுள்ள துடிப்பை கைட் கனெக்ட் அனுப்புகிறது. இதைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்கிறது ஆவணம். இங்குதான் குறை சொல்ல வேண்டியுள்ளது. விலைத் தகவல் என்ற வகையில் அதில் ஒன்றுமில்லை என்பது சரி. ஆனால் இணைப்பு உயிரோடு இருப்பதற்கு அதுவே சான்று. நிறுவனம் வெளியிட்ட ஜாவாஸ்கிரிப்ட் நூலகமே சில வினாடிகள் எதுவும் வராவிட்டால் இணைப்பை மூடி, மீண்டும் இணைய முயல்கிறது. நூலகத்தைப் பயன்படுத்தாமல் சொந்தமாக எழுதும் நிரலாளருக்கு ஆவணத்தின் அந்த வரி தவறான வழியைக் காட்டக்கூடும்.

அறுந்த இடைவெளி

மீண்டும் இணைந்ததும், முன்பு கேட்ட பங்குகளையெல்லாம் திரும்பக் கேட்க வேண்டும்.  ஆனால் இடைவெளியில் நடந்த ஆணை மாற்றங்கள் தானாக வந்து சேரும் என்று நம்பி எழுதக்கூடாது. ஆணைப் பட்டியலை வழக்கமான கோரிக்கை மூலம் ஒருமுறை முழுதாகப் பெற்று நிலையைச் சரிசெய்ய வேண்டும்.

மதிப்பீடு

இணைப்பைக் களஞ்சியத்துக்கு வெளியே வை என்ற அறிவுரை சரியானதே, ஆனால் பாதிதான். இணைப்பின் நிலைமை களஞ்சியத்துக்குள் இருந்தே ஆக வேண்டும். இணைகிறது, இணைந்துள்ளது, அறுந்துள்ளது என்ற மூன்றும், கடைசியாகத் தரவு வந்த நேரமும் அங்கே பதிவாக வேண்டும். அப்போதுதான் திரை விலையை மங்கலாக்கி, "இணைப்பு இல்லை, கடைசி விலை 11:42" என்று சொல்ல முடியும். கைட் கனெக்ட் நூலகம் இணைப்பு, துண்டிப்பு, மறுமுயற்சி ஆகியவற்றை நிகழ்வுகளாக அறிவிக்கிறது. அவற்றைப் பயனர் கண்ணில் படும்படி செய்வது முன்முனை நிரலாளரின் பொறுப்பு. வேகமாகக் காட்டும் செயலிகள் பல உள்ளன. தன்னிடம் உள்ளது பழைய விலை என்று ஒப்புக்கொள்ளும் செயலியையே பணம் போட்டவர் நம்பலாம்.