கொச்சி யூதர்களின் பாட்டு நோட்டைப் படிக்கும் விதம்

கொச்சி யூதர்கள் என்றதும் பலருக்கு நினைவில் எழுவது செப்பேடுதான். கி.பி. 1000 வாக்கில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பானுக்குக் குடை, பகல்விளக்கு உள்ளிட்ட 72 உரிமைகளை வழங்கி வட்டெழுத்தில் பொறித்துத் தந்தது அது. பெரிய ஆவணம்தான், சந்தேகமில்லை. ஆனால் அதில் அடுப்படி இல்லை, பெண்கள் இல்லை. 1950களில் இந்தச் சமூகத்தின் பெரும்பகுதி இஸ்ரேலுக்குப் புலம்பெயர்ந்தபோது பெட்டியோடு போன பாட்டு நோட்டு, குடும்பப் படம், கையோடு போன சமையல் பக்குவம் ஆகியவற்றில்தான் அந்த இரண்டும் இருக்கின்றன. ஒரு கல்வெட்டறிஞர் செப்பேட்டுக்குக் கொடுக்கும் கவனத்தை இவற்றுக்கும் கொடுத்தால்தான் இவற்றின் அருமை தெரியும்.

சமையல் குறிப்பில் முதலில் பார்க்க வேண்டியது, என்ன இல்லை என்பதுதான். காயலும் கடலும் சூழ்ந்த கொச்சியில் இறாலும் நண்டும் மலிவு. இந்தச் சமையலிலோ இரண்டுக்கும் இடமில்லை. செதிலும் துடுப்பும் உள்ள மீன் மட்டுமே ஆகும் என்பது யூத விதி. இறைச்சியோடு பாலும் வெண்ணெயும் சேரக்கூடாது என்பது இன்னொரு விதி. பாலின் இடத்தைக் கேரளத்துத் தேங்காய்ப்பால் நிரப்பியது; விதியும் மீறப்படவில்லை, குழம்பும் கெட்டியானது. வெள்ளி மாலை ஓய்வுநாள் ஆசி சொல்ல திராட்சரசம் வேண்டும், திராட்சைத் தோட்டம் கிடையாது. உலர்திராட்சையை ஊறவைத்து, கொதிக்கவிட்டு, பிழிந்து வடித்து அதையே கிண்ணத்தில் ஊற்றினார்கள். எதை விட்டுக்கொடுக்கவில்லை, எதை ஊரிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள் என்ற கணக்கு இப்படி ஒவ்வொரு பண்டத்திலும் இருக்கிறது. ருசி மட்டும் பார்த்தால் இதில் பாதி கைநழுவிவிடும்.

பாட்டு நோட்டுகள் இன்னும் செறிவானவை. கல்யாணத்திலும் பண்டிகையிலும் பெண்கள் மலையாளத்தில் பாடிய பாட்டுகளை அவர்களே கைப்பட எழுதி, மகளுக்கும் பேத்திக்கும் கொடுத்தார்கள். ஒரே பாட்டு நோட்டுக்கு நோட்டு மாறும்: ஒன்றில் ஓரடி கூடும், இன்னொன்றில் சொல் திரியும். நினைவை நம்பி எழுதியதற்கு என்ன ஆதார மதிப்பு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். எந்த ஆண்டு என்ன நடந்தது என்பதற்கு நோட்டைச் சாட்சியாக்க முடியாது. ஆனால் ஒரு பாட்டு எந்தெந்த வீட்டில் உயிரோடு இருந்தது, எங்கே எப்படி வளைந்தது என்பதற்கு அந்தப் பிசிறுகளைவிட நல்ல சாட்சி வேறில்லை. அதனால் பாடபேதங்களை நீக்கி ஒரே 'சரியான' பாட்டாக்குவது சேமிப்பு ஆகாது, இழப்புதான். ஆய்வாளர்கள் ஸ்கரியா சக்கரியாவும் ஒஃபிரா கம்லியேலும் 2005இல் இப்பாட்டுகளை மலையாளத்திலும் ஹீப்ருவிலும் சேர்த்துப் பதிப்பித்தார்கள். பாட்டியின் மலையாளத்தைப் படிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகளுக்கும் இதனால் அந்த நோட்டு திறந்தது.

இதெல்லாம் பழம்பெருமை பேசுவதில்தான் முடியும் என்பது வலுவான ஆட்சேபம். உண்மையிலேயே அந்த ஆபத்து உண்டு; பெருமையை மட்டும் பேசினால் கசப்பு மறைந்துவிடும். கொச்சி மட்டாஞ்சேரியில் உள்ள பரதேசிப் பள்ளி என்ற யூத வழிபாட்டுக் கூடத்தில், அடிமை வழிவந்தவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட யூதர்களுக்குச் சம உரிமை மறுக்கப்பட்டது. அதே பிரிவில் பிறந்த வழக்கறிஞர் ஏ.பி. சேலம் அதை எதிர்த்துச் சத்தியாகிரகம் செய்தார். எனவே பழைய குடும்பப் படத்தை எடுத்தால் யார் எங்கே நிற்கிறார்கள், யார் படத்திலேயே இல்லை என்று கேளுங்கள். இந்தக் கசப்பை மறைக்காமல், பாட்டையும் பண்டிகையையும் அதே அன்போடு சொல்லும் புத்தகம் ரூபி டேனியல் 1995இல் வெளியிட்ட 'ரூபி ஆஃப் கொச்சின்'. அவரும் அந்த விலக்கப்பட்ட பிரிவில் பிறந்தவர்தான். தொடங்குகிறவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.