கருமுட்டை கொடுத்தவருக்குக் கணக்கு எங்கே?

சொந்த ஊர் கனகம்மாசத்திரம். சென்னையிலிருந்து திருவள்ளூர் வழியாகத் திருப்பதி போகிறவர்கள் திருத்தணிக்கு முன்னால் தாண்டிப் போகிற ஊர். சின்ன வயதிலிருந்தே இந்த ரோட்டில் பிள்ளை வரம் கேட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். திருத்தணிக்குக் காவடி, திருப்பதிக்கு மொட்டை. டீக்கடையில் பஸ் நிற்கும்போது யாராவது ஒரு பாட்டி, "கல்யாணம் ஆயி ஏழு வருசம் ஆச்சு, இந்தத் தடவையாவது முருகன் கண்ணத் தொறக்கணும்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிக்கொண்டிருப்பார். பிள்ளைக்காகப் பயணம் போவது நமக்குப் புதிது இல்லை. போகிற இடம்தான் மாறிவிட்டது.

போன வருடம் அப்படி ஒரு பயணத்துக்கு நானே திட்டம் போட்டுக் கொடுத்தேன். என்னோடு ஒரு புராஜெக்ட்டில் வேலை பார்த்த நண்பர் யாழ்ப்பாணத்துக்காரர், சூரிச்சில் இருக்கிறார். மனைவிக்கு 41 வயது. சொந்தக் கருமுட்டையில் வாய்ப்பு ரொம்பக் குறைவு, வேறொரு பெண்ணின் கருமுட்டை வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அண்ணை, இஞ்ச முட்டை தானம் எடுக்கேலாது, சட்டம் விடாது. ஸ்பெயினுக்குப் போறதோ, சென்னைக்கு வாறதோ எண்டு நீங்கள்தான் ஒருக்கா பாத்துச் சொல்லோணும்" என்றார்.

அவர் சொன்னது சரி. சுவிட்சர்லாந்தில் 2001-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் விந்து தானத்தை அனுமதிக்கிறது, கருமுட்டை தானத்தைத் தடை செய்கிறது. தடையை நீக்க அரசு 2025-இல் முடிவெடுத்தாலும் சட்டம் மாற இன்னும் நாளாகும். ஜெர்மனியில் 1990-ஆம் வருட கருப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்தே தடை. இத்தாலி 2004-இல் தடை போட்டது, 2014-இல் அங்கே அரசியல் சாசன நீதிமன்றம் அதை நீக்கியது. பிரிட்டனில் அனுமதி உண்டு, ஆனால் 2005 ஏப்ரலுக்குப் பிறகு தானம் கொடுத்தவர் யார் என்பதைப் பிள்ளை 18 வயதில் தெரிந்துகொள்ளலாம். ஸ்பெயினில் கொடுப்பவர் பெயர் வெளியே வராது. ஐரோப்பாவில் இதற்காக அதிகம் பேர் போகிற நாடு அதுதான்.

ஆனால் ஈழத் தமிழ்த் தம்பதிக்கு, தங்கள் சாயலில் ஒரு குழந்தை வேண்டும் என்றால் ஸ்பெயின் சரிப்படாது. இந்தியாவிலிருந்து கருமுட்டையை வரவழைக்கவும் முடியாது. நம் 2021-ஆம் வருடச் செயற்கை கருத்தரிப்புச் சட்டம், 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் இருப்பது, தானக் கருமுட்டையை நாட்டுக்கு வெளியே அனுப்புவதைத் தடை செய்கிறது. கருமுட்டை போகாது, அதனால் ஆள் வர வேண்டும்.

ஒரு எக்செல் ஷீட் போட்டேன். நாடு, செலவு, காத்திருக்கும் காலம், விசா, எத்தனை தடவை வர வேண்டும், டோனர் பெயர் தெரியுமா என்று பதினோரு தலைப்பு. பச்சை, மஞ்சள், சிவப்பு கலரெல்லாம் கொடுத்து அனுப்பினேன். வீடியோ காலில் நண்பர் பாராட்டினார். அவர் மனைவி கடைசி வரைக்கும் பேசாமல் இருந்துவிட்டு ஒன்று கேட்டார்: "அண்ணை, முட்டை தாற பிள்ளைக்கு ஒண்டும் ஆகாதோ?"

பதினோரு தலைப்பில் ஒன்றுகூட அந்தப் பெண்ணைப் பற்றி இல்லை. இந்தக் கட்டுரை அங்கேதான் ஆரம்பித்தது. முதலில் விமர்சனம் பண்ண வேண்டியது என் ஷீட்டை. ஆனால் தேடத் தேட, இந்தக் குறை எனக்கு மட்டும் இல்லை என்று தெரிந்தது. நம் சினிமாவிலும் இதே குறை, சட்டத்திலும் இதே குறை.

சினிமாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். 2020 மார்ச்சில் வந்த ‘தாராள பிரபு’ எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ‘விக்கி டோனர்’ என்ற 2012 ஹிந்திப் படத்தின் தமிழ் வடிவம். ஹரிஷ் கல்யாண் விந்து கொடுக்கிறவர், விவேக் டாக்டர். நல்ல நகைச்சுவை, விவேக்குக்குக் கடைசிக் காலத்தில் கிடைத்த நல்ல வேடங்களில் ஒன்று. கூச்சப்பட்டுப் பேசாமல் இருந்த விஷயத்தைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற மாதிரி எடுத்தார்கள். அந்த அளவுக்கு அது நல்ல படம்தான்.

இப்போது ஹீரோவுக்குப் பதிலாக ஒரு ஹீரோயினைப் போட்டு, கருமுட்டை கொடுப்பதாக அதே கதையை எழுதிப் பாருங்கள். நகைச்சுவையாக வராது. ஆண் கொடுப்பதற்குச் சில நிமிடம் போதும். பெண் பத்துப் பன்னிரண்டு நாள் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். இயற்கையாக மாதம் ஒரு முட்டை முதிர்கிற இடத்தில் பத்து, பதினைந்து முதிர வைப்பதற்காக அந்த ஊசி. நடுநடுவே ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. கடைசி ஊசி போட்டுச் சுமார் 36 மணி நேரம் கழித்து, மயக்க மருந்து கொடுத்து, ஸ்கேன் பார்த்துக்கொண்டே பெண்ணுறுப்பு வழியாக ஊசியைச் செலுத்தி முட்டைகளை உறிஞ்சி எடுக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் ஓரிரு நாளில் எழுந்து நடமாடிவிடுவார்கள். சிலருக்குச் சினைப்பை அளவுக்கு மீறி வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, ஆபத்தாகிவிடும். இரண்டையும் ‘தானம்’ என்ற ஒரே சொல்லால் சொல்வதில்தான் முதல் தப்பு நடக்கிறது. ‘தாராள பிரபு’ என்று ஆணுக்குப் பட்டம் கொடுத்த சினிமா, பெண் பக்கம் திரும்பவே இல்லை.

திரும்பிய ஒரு தடவையும் வேறெங்கோ போய்விட்டது. 2022 நவம்பரில் தமிழிலும் தெலுங்கிலும் வந்த ‘யசோதா’வில் சமந்தா வாடகைத்தாயாக வருகிறார். ஏழைப் பெண்களை ஆடம்பர மாளிகையில் அடைத்து வைக்கிறார்கள். அந்தக் காட்சிகளில் உண்மையின் வாடை இருந்தது. பாதிக்கு மேல் படம் சர்வதேச அழகுசாதன மோசடி, ரகசியப் போலீஸ், துப்பாக்கி என்று எங்கோ போய்விடுகிறது. அவ்வளவு பெரிய வில்லனைக் காட்டிவிட்டால், தியேட்டரை விட்டு வெளியே வரும்போது நமக்கு ஒரு நிம்மதி. இதெல்லாம் நம் தெருவில் நடக்காது என்று.

நடந்தது. அந்தப் படம் வருவதற்கு ஐந்து மாதம் முன்னால், 2022 ஜூனில், ஈரோட்டில் 16 வயதுப் பெண் ஒருத்தியின் வழக்கு வெளியே வந்தது. போலி ஆதாரில் வயதைக் கூட்டி, எட்டு முறை அவளிடமிருந்து கருமுட்டை எடுக்கப்பட்டிருந்தது. கைதானவர்கள் பெற்ற தாய், தாயோடு வாழ்ந்த ஆண், ஒரு பெண் புரோக்கர். ஒரு தடவைக்கு 20,000 ரூபாய், புரோக்கருக்கு 5,000 என்று செய்தி வந்தது. இதில் சர்வதேச வில்லன் கிடையாது. கருமுட்டை எடுத்ததாக விசாரிக்கப்பட்ட ஆஸ்பத்திரிகள் ஈரோடு, சேலம், ஓசூர் என்று போய், மாநில எல்லை தாண்டித் திருவனந்தபுரம், திருப்பதி வரைக்கும் இருந்தன.

திருப்பதி என்று படித்ததும் எனக்கு எங்க ஊர் ரோடுதான் ஞாபகம் வந்தது. ஈரோட்டிலிருந்து திருப்பதி போக எங்க ஊரைத் தாண்ட வேண்டியதில்லை, வேலூர் சித்தூர் வழி இருக்கிறது. ஆனாலும் மனது அங்கேதான் போனது. பிள்ளை வேண்டும் என்று ஒரு கூட்டம் போகிற ஊருக்கே, அந்தப் பிள்ளைக்கான முட்டையைக் கொடுக்க இன்னொரு பெண்ணைக் கூட்டிப் போயிருக்கிறார்கள். இருவர் போனதும் பயணம்தான். ஒன்றுக்குத்தான் நான் ஷீட் போட்டேன்.

ஈரோடு விதிவிலக்கு என்று நினைக்க ஆசைதான். ஆனால் 2010-இல் மும்பையில் கருமுட்டை கொடுத்த 17 வயதுப் பெண் இறந்துபோனாள். பழைய இரும்புக் கடையில் வேலை பார்த்தவள். 2014-இல் டெல்லியில் 26 வயதுப் பெண் ஒருவர், கருமுட்டை எடுத்த பிறகு இறந்தார். அப்போது இருந்தது 2005-ஆம் வருட வழிகாட்டுதல் மட்டும். அதற்குச் சட்டத்தின் பலம் கிடையாது.

இப்போது சட்டம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, நல்ல எண்ணத்தோடு எழுதியும் இருக்கிறார்கள். கொடுப்பவருக்கு வயது 23 முதல் 35 வரை. வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் கொடுக்கலாம். ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. பிள்ளை வேண்டும் என்கிறவர்கள், கொடுப்பவர் பெயரில் 12 மாதக் காப்பீடு எடுத்துத் தர வேண்டும். விற்றால் முதல் தடவை 5 முதல் 10 லட்சம் வரை அபராதம், மறுபடி செய்தால் 3 முதல் 8 வருடம் சிறை.

ஒரு சாஃப்ட்வேர்க்காரனாக எனக்கு உடனே வந்த கேள்வி: ‘வாழ்நாளில் ஒரே தடவை’ என்பதை எந்த சிஸ்டம் சரிபார்க்கும்? இது ரொம்பச் சாதாரணமான விஷயம். ஒருவர் இரண்டு தடவை பதிவாகக் கூடாது என்றால், பதிவு பண்ணும் அந்த நிமிடமே, நாடு முழுக்க உள்ள பட்டியலில் அவர் ஏற்கெனவே இருக்கிறாரா என்று தேட வேண்டும். ரேஷன் கார்டுக்கும் கேஸ் இணைப்புக்கும் நாம் செய்வது அதுதான்.

சட்டத்தின் 23-ஆம் பிரிவைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தேசியப் பதிவேட்டுக்கு ஒரு மாதத்துக்குள் அனுப்ப வேண்டியது டோனர்களின் எண்ணிக்கை பற்றிய தகவல். யாருடைய முட்டை, எப்படிப் பயன்பட்டது என்ற முழு ஆவணத்தை கிளினிக்கும் கருமுட்டை வங்கியும் குறைந்தது 10 வருடம் தங்களிடமே வைத்திருந்து, அதற்குப் பிறகு மையத் தரவுத்தளத்துக்கு மாற்ற வேண்டும்.

இதை வயதோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஒரு பெண் 26 வயதில் கொடுக்கிறாள். அவள் ஆவணம் மையத்துக்கு வரும்போது அவளுக்கு 36. கொடுக்கக்கூடிய வயதே முடிந்துவிட்டது. 23 வயதிலேயே கொடுத்திருந்தாலும், ஆவணம் வரும்போது 33. அவளைக் காப்பாற்ற வேண்டிய பன்னிரண்டு, பதின்மூன்று வருடத்தில் பத்து வருடம் மையத்தில் அவள் ஒரு எண்ணிக்கை மட்டும்தான். சேலத்தில் ஒன்று, திருப்பதியில் ஒன்று என்று பதிவானால், கூட்டுத்தொகை இரண்டு என்று வரும். அது இரண்டு பெண்ணா, ஒரே பெண்ணா என்று எண்ணிக்கை சொல்லாது. வங்கிகள் ஆதார் எண் வாங்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உண்மைதான். ஈரோட்டிலும் ஆதார் வாங்கினார்கள்.

இதை விதிகள் மூலமோ மென்பொருள் மூலமோ சரிசெய்ய முடியும், பெரிய செலவும் இல்லை. ஆனால் சட்டத்தை எழுதியபோது மனதில் இருந்தவர் யார் என்பதை அந்தப் பிரிவே காட்டிக்கொடுக்கிறது. பிள்ளை வேண்டும் என்று வருகிற தம்பதியின் சிகிச்சை எப்படிப் போகிறது என்ற தகவல் ‘முழுவதும்’ போக வேண்டும். கொடுப்பவர் பற்றிப் போக வேண்டியது ‘எண்ணிக்கை’. என் ஷீட்டும் அப்படித்தான் இருந்தது.

இன்னொன்று பணம். விற்கக் கூடாது என்கிற சட்டம், கொடுப்பவரின் பன்னிரண்டு நாளுக்கும் வலிக்கும் இவ்வளவு என்று ஒரு தொகையைச் சொல்லவில்லை. பிரிட்டன் 2012-இல் 750 பவுண்டு என்று வெளிப்படையாக நிர்ணயித்து, பிறகு உயர்த்தியது. தொகை சரியா தப்பா என்று அங்கே சண்டை போடலாம், ஏனென்றால் அது எழுத்தில் இருக்கிறது. இங்கே முன்பின் தெரியாத தம்பதிக்காக ஒரு பெண் சும்மா ஊசி போட்டுக்கொள்வாள் என்று நாம் எல்லோரும் நம்புகிற மாதிரி நடிக்கிறோம். பணம் கைமாறாமல் இருக்காது. எழுத்தில் இல்லாத பணத்தில் புரோக்கர் எவ்வளவு எடுத்தார் என்று அந்தப் பெண் யாரிடமும் கேட்க முடியாது.

இவ்வளவும் எழுதியதால் நான் இந்தச் சிகிச்சைக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். சூரிச்சில் இருக்கிற அந்த அம்மாவின் ஆசையில் எந்தத் தப்பும் இல்லை. டீக்கடைப் பாட்டியின் வேண்டுதலுக்கு இருக்கிற நியாயம் இதற்கும் இருக்கிறது. தெரிந்தே, விரும்பிக் கொடுக்கிற பெண்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பரிதாபமாகப் பார்ப்பதும் அவமரியாதைதான். நான் கேட்பது கணக்கில் அவர்களுக்கும் ஒரு வரி.

ஷீட்டில் நான்கு தலைப்பு சேர்த்தேன். கருமுட்டை வங்கி பதிவு பெற்றதா, பதிவு எண் என்ன? கொடுப்பவர் பெயரை மறைத்து, 12 மாதக் காப்பீட்டுப் பத்திரத்தின் நகலைக் காட்டுவார்களா? இது அவருக்கு முதல் தடவை என்பதை எப்படிச் சரிபார்த்தார்கள்? முட்டை எடுத்த பிறகு அவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் எந்த டாக்டரிடம் போவார்?

நண்பரும் மனைவியும் சென்னைக்கு வந்து, இரண்டு இடத்தில் இதைக் கேட்டார்கள். ஓரிடத்தில், "நீங்க உங்க ட்ரீட்மென்ட்ட மட்டும் பாருங்க மேடம்" என்று சிரித்தபடி சொல்லி அனுப்பிவிட்டார்கள். இன்னோரிடத்தில் பதிவு எண்ணைக் கொடுத்தார்கள், காப்பீட்டு நகலையும் காட்டினார்கள், டாக்டர் பெயரையும் சொன்னார்கள். மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில், "அவங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க."

அவர்கள் அந்த இரண்டாவது இடத்தையே தேர்ந்தெடுத்தார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஷீட்டில் மற்ற கட்டங்களை நிரப்பிவிட்டேன். மூன்றாவது கேள்விக்கான கட்டத்துக்கு என்ன கலர் கொடுப்பது என்று தெரியாமல் அப்படியே வெள்ளையாக விட்டு வைத்திருக்கிறேன்.