இணையத்தளமும் பதிப்பாசிரியன் கடமையும்

ஏட்டுச்சுவடி எழுதினோர் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளியிட்டாரல்லர், எகர ஏகாரங்களை வேறுபடுத்தினாரல்லர், சொற்களிடையே வெளிவிட்டாருமல்லர். ஆசிரியன் அருகிருந்து பாடஞ் சொல்லிய காலத்தில் அது குறையாகத் தோன்றவில்லை. அச்சு வந்து, நூல் ஆசிரியனை விட்டு நெடுந்தூரஞ் சென்றபோது, தனித்திருந்து படிப்போனுக்கு வழிகாட்டுங் கடமை பதிப்பாசிரியன்மேல் வீழ்ந்தது. ஆறுமுக நாவலர் (1822–1879) தம் உரைநடை நூல்களிற் கடுஞ்சந்திகளைப் பிரித்தும், நிறுத்தக் குறிகளை இட்டும் அக்கடமையை நிறைவேற்றினார்.

நூல்கள் கணினித் திரைக்குப் பெயர்ந்துள்ள இந்நாளில் அக்கடமை இணையத்தளம் வகுப்போரைச் சார்ந்தது. ஆயின், தமிழ்த்தளங்கள் பலவற்றில், முகப்பின் வண்ணத்துக்கும் அசையும் படங்களுக்குஞ் செலவான கருத்து படிப்போன் கண்ணுக்குச் செலவாகவில்லை.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அத்தகைய இழப்பைக் கண்ட ஈழத்தில், 2005 இல் தொடங்கிய நூலகம் செயற்றிட்டம் அச்சுப் பக்கங்களைப் படமாகப் பிடித்துச் சேமித்துவருகின்றது. 1998 இல் தொடங்கிய மதுரைத்திட்டமோ, தன்னார்வலரைக்கொண்டு நூல்களை எழுத்தாகவே பொறித்து வழங்குவது. படம் மூலத்துக்கு உண்மையானது. ஆனாற் கைத்தொலைபேசியின் சிறுதிரையில் ஒவ்வோர் அடிக்கும் பக்கத்தை இடமும் வலமும் இழுக்கவேண்டும். பார்வையற்றோர்க்கு வாசித்துக்காட்டுங் கருவிக்கு அது வெறும் படமே. பொறித்த எழுத்து எத்திரைக்கும் இணங்கி மடங்கும். எனினும் நூல் முழுவதும் ஒரே நெடும்பக்கமாக ஓடுமிடங்களில், மாணாக்கன் நடுவிலுள்ள செய்யுளொன்றை நாடிச் சலிப்பான். நூலகத் தளத்திற் பாராட்டத்தக்கது அதன் பட்டியற் பக்கம். ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு என்பவற்றோடு, சஞ்சிகைகள் பலவற்றின் கட்டுரைத் தலைப்புகளையும் அது எழுத்தாகவே தருகின்றது. பெயர் வெளிப்படாத பலரின் உழைப்பு அது. ஆய்வாளன் கதவைத் திறப்பது அதுவே.

தளமொன்றின் தகுதி பெரிதும் தேடலிலேதான் வெளிப்படும். "நாவலர்" என்று தேடுவோனுக்கு "நாவலரை", "நாவலரால்", "நாவலருடைய" என்பன அகப்படுவதில்லை. வேற்றுமையுருபு ஏறியவுடன் ஈற்று ரகரத்தின் புள்ளி நீங்க, எழுத்தை எழுத்தோடு ஒப்பிடும் பொறிக்கு அது வேறு சொல்லாகிவிடுகின்றது. வேற்றுமையை இரண்டாம் வரிசை இலக்கணமாகக் கருதும் மொழிகளுக்கென அமைந்த தேடலை அப்படியே எடுத்தாளுவதன் பயன் இது. இன்னுமொன்று: "கோ" என்பதை ஒற்றைக் குறியாலும் பொறிக்கலாம், கொம்பையுங் காலையுந் தனித்தனி இட்டும் பொறிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே; பொறியோ, இவற்றை முன்னரே ஒருமைப்படுத்தாவிடின், ஒன்றைத் தேடினால் மற்றையதைக் காட்டாது. கிடைக்கும் நூலையே இல்லையென்று சொல்லும் நூலகர் ஒருவரை எந்தக் கல்லூரியும் வைத்துக்கொள்ளாது. நன்னூல் கற்றோர் இப்பொறிகளை அமைப்போரோடு ஒருங்கிருந்து பணியாற்றினாலன்றி இக்குறை தீராது.

பக்க அமைப்பிலும் இரவல் அளவுகோல் முற்றும் பொருந்துவதில்லை. 2008 இல் வெளிவந்த அனைத்துலக அணுகுதன்மை வழிகாட்டி, எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையே குறைந்தது 4.5 இற்கு 1 என்னும் ஒளிர்வு வேறுபாட்டை வேண்டுகின்றது. எழுத்தை இருமடங்கு பெருக்கினும் பக்கம் சிதையலாகாது என்கின்றது. இவை தமிழுக்கும் ஏற்றவை. வெண்மையிற் சாம்பல்நிற எழுத்திடும் நவநாகரிகத்தினர் இவற்றை நினைத்தல் நன்று. ஆனால் வரியின் நீளம் 80 எழுத்துக்கு மேற்படாதிருத்தல் என்னும் அதன் உயர்நிலை விதி வேறு. தமிழெழுத்துப் பல அகன்றவை. சொற்களோ உருபும் விகுதியும் ஏறி நீள்பவை. சிறுதிரையில் இருபக்க ஓரத்தையும் நேராக்க முயன்றால், வரிக்கு இரண்டு சொல்லும் அவற்றிடையே பாழ்வெளியுமே எஞ்சும். பழைய அச்சுக்கூடத்தார் இதற்கு அஞ்சியதில்லை. எழுத்து முடியுமிடத்திற் சொல்லை முறித்து, இணைப்புக்கோடும் இன்றி அடுத்த வரிக்குக் கொண்டுசென்றனர். திரையில் அவ்வழக்கத்தை மீட்கலாம். அல்லது வல ஓரத்தை ஒழுங்கின்றி விடலாம். இரண்டிலொன்றைத் துணியாமல், ஆங்கிலப் பக்கத்தின் அச்சிற் தமிழை வார்ப்பதே பெருவழக்காக உள்ளது.

பக்க முகவரியின் நிலைபேறும் கருதத்தக்கது. முகவரியை மாற்றும் தளத்திலிருந்து எடுத்த மேற்கோளை, ஆய்வேட்டைப் படிப்போன் சரிபார்க்க இயலாது. தளத்தைப் புதுக்குவோர் பழைய முகவரிகள் புதியவற்றுக்கே செல்லுமாறு வழிவிடுதல் எளிய வேலை. அதனைச் செய்யாது விடுவோரே பலர்.