கனம் எங்கே விழுகிறது? டாவின்சி ரிசால்வ் ப்ராஜெக்ட் சர்வர்

ஈப்போவில் தைப்பூசத்தைப் படம்பிடிக்கும் குழு, புந்தோங்கிலிருந்து காவடிகளோடு நடந்து குனோங் சீரோ கல்லுமலைக் கோயிலுக்கு வந்து சேர்கிறது. கேமராக்கள் பல; ட்ரோன் தனி, ஒலிப்பதிவு தனி. அத்தனையையும் ஒரே எடிட்டர் தன் கணினியில் ஏற்றிக்கொண்டால் காணொளி வெளிவர நாளாகும். திட்டத்தைப் பொதுச் சர்வரில் வைத்து இரண்டு மூன்று பேர் சேர்ந்து வெட்ட, பிளாக்மேஜிக் நிறுவனம் தன் ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளுக்காக இலவசமாகத் தரும் கருவிதான் டாவின்சி ரிசால்வ் ப்ராஜெக்ட் சர்வர்.

இதற்குப் பெரிய கணினி தேவையில்லை, ஏனெனில் காணொளிகள் இதில் சேமிக்கப்படுவதில்லை. வெட்டுகளும் நிறத்திருத்தங்களும் மட்டும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் பதிவாகின்றன. காணொளிக் கோப்புகளுக்குத் தனியாக, வலையமைப்பில் இணையும் நாஸ் சேமிப்பகம் வேண்டும். ஒருவர் ஒரு டைம்லைனைத் திறந்ததும் அது மற்ற எடிட்டர்களுக்குத் தானாகப் பூட்டப்படுகிறது. அவர்கள் பார்க்கலாம், மாற்ற முடியாது. ஆனால் அவர் வெட்டிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் அதற்கு நிறம் திருத்தலாம். ஒருவர் வேலையை மற்றவர் அழித்துவிடுவாரோ என்ற பயம் இதனால் விலகுகிறது.

வேகம் வேறு கதை.

25 ஃப்ரேமில் எடுத்த 4கே புரோரெஸ் 422 காணொளி விநாடிக்குச் சுமார் 492 மெகாபிட் கேட்கும். நான்கு கேமராக் கோணங்களை ஒரே திரையில் ஓடவிட்டால் ஏறக்குறைய 1,968 மெகாபிட். சாதாரண கிகாபிட் வலையமைப்பு தருவதோ ஏட்டளவில் 1,000தான். அங்கேயே படம் திக்கும். அதே நான்கையும் 1080 அளவில் புரோரெஸ் ப்ராக்ஸியாக, அதாவது எடை குறைந்த நகல்களாக மாற்றினால் சுமார் 152 மெகாபிட் போதும். ரிசால்வ் 18உடன் 2022இல் வந்த ப்ராக்ஸி ஜெனரேட்டர், குறித்த கோப்புறையில் வந்து விழும் கோப்புகளைத் தானே மாற்றிவைக்கிறது.

தைப்பூசக் காணொளி வலையமைப்பைச் சோதிக்கிறது என்றால், பேராக்கின் பழைய ரப்பர் தோட்டங்களைப் பற்றிய ஆவணப்படம் எடிட்டரின் கணினியைச் சோதிக்கும். இருபது நிமிடப் படம்தான். ஆனால் லயத்து வீட்டு வாழ்க்கையைச் சொல்லும் முதியவர்களைக் கைப்பேசியில் எடுத்திருப்பார்கள். குடும்பத்தாரிடம் இருப்பது விஎச்எஸ் நாடாவில் பதிந்த கல்யாணம். ரப்பர் நின்ற இடத்தில் இன்று நிற்கும் செம்பனையை ட்ரோன் காட்டும். தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் 1926இல் இறந்ததால் பத்து காஜா அருகே பாதியில் நின்ற மாளிகையும் சட்டகத்துக்குள் வரும்.

கைப்பேசியின் எச்.265 கோப்பு அளவில் சிறியது, வலையமைப்புக்குச் சுமையே இல்லை. ஆனால் அது ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறியதை மட்டும் பதிவதால், ஒரு ஃப்ரேமைக் காட்டக் கணினி அக்கம்பக்கத்து ஃப்ரேம்களையும் விரிக்க வேண்டியிருக்கிறது. பழைய நாடாவின் கோடுகளை நீக்குவது, ஃப்ரேம் வேகங்களை ஒன்றாக்குவது, இரைச்சலைக் குறைப்பது எல்லாம் கிராஃபிக்ஸ் அட்டையின் பாடு. இங்கே சர்வரை மாற்றினாலும் வேகம் கூடாது.

மூன்றாவது சுமை, டைம்லைன்களின் எண்ணிக்கை. திருத்தத்துக்குத் திருத்தம் ஒரு நகல் எடுத்து அதே திட்டத்தில் குவித்துவைத்தால், திறக்கவே நேரம் பிடிக்கும். எல்லா டைம்லைன்களையும் தொடக்கத்திலேயே ஏற்றும் விருப்பத்தை அணைத்துவிடுவது நல்லது. பழையவற்றைத் தனித் திட்டமாக எடுத்துவைப்பது இன்னும் நல்லது. அடோபி 2020இல் பிரீமியரில் கொண்டுவந்த ‘புரொடக்‌ஷன்ஸ்’ இந்தப் பிரிப்பையே அடிப்படையாகக் கொண்டது. அந்த வசதியில் ரிசால்வ் பின்தங்கியே இருக்கிறது.

ஆகவே செலவுக்கு முன் சுமை எங்கே என்று பார்க்க வேண்டும். பல கேமராத் திருவிழாக்களே தொழில் என்றால் முதல் காசு 10 கிகாபிட் வலையமைப்புக்குப் போகட்டும். கலவையான ஆவணப்படங்கள் என்றால் கிராஃபிக்ஸ் அட்டைக்கும், கேஷ் கோப்புகளை வைக்க ஒவ்வொரு கணினியிலும் ஓர் எஸ்எஸ்டிக்கும். கூட்டுப்பணி இலவசப் பதிப்பிலேயே உண்டு. இரைச்சல் நீக்கம் வேண்டுமானால் 295 அமெரிக்க டாலர் கொடுத்து ஸ்டூடியோ பதிப்பை ஒரேயொரு முறை வாங்கினால் போதும், மாதச் சந்தா கிடையாது. இரண்டு மூன்று எடிட்டர்கள் உள்ள படக்கூடத்துக்கு இந்தச் சர்வரைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம், முதல் நாளே ப்ராக்ஸி தயாரிக்கும் பழக்கம் அங்கே இருந்தால்.