சதுரங்கமும் ஆடுபுலியும்: ஓர் ஒப்பியல் நோக்கு

கவிதையையும் நாவலையும் திறனாய்வு செய்யும் நாம், பலகை விளையாட்டுகளைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்வதில்லை. அவை பற்றி எழுதப்படுவன பெரும்பாலும் புகழுரைகளே. முன்னோர் போர்த்தந்திரங்களையெல்லாம் ஆடுபுலியாட்டத்தில் பொதிந்து வைத்தனர் என்று எழுதுவோருட் பலர் அதனை ஒருமுறையேனும் ஆடியவரல்லர். ஆடாது போற்றுதல், படியாது பாராட்டுதலை ஒத்தது. எச்.ஜே.ஆர். மறே 1952இல் வெளியிட்ட நூலிற் பலகை விளையாட்டுகளை வரிசை அமைத்தல், போர், வேட்டை, ஓட்டம், குழியாட்டம் என ஐவகைப்படுத்தினார். அப்பகுப்பு பயனுடையதாயினும், எது சிறந்த விளையாட்டு என்னும் வினாவுக்கு விடை தருவதன்று. அதற்கு ஆடிப் பார்த்தலே வழி.

இரத்மலானையில் நாம் வாடகைக்கிருக்கும் அறையில், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹற்றன் ஆகிய இடங்களிலிருந்து வந்த நண்பர்களுடன் வார இறுதிகளில் ஆடியவற்றை ஈண்டு ஒப்புநோக்குகிறேன். மூன்று அளவுகோல்களை வகுத்துக்கொண்டோம்: தற்செயலுக்கும் அறிவுக்கும் உள்ள பங்கு யாது? இரு பக்கத்தாரின் உறவு எத்தகையது? தோற்பவன் நிலை என்ன?

தாயத்திற் சோழியே அரசன். எந்தக் காயை நகர்த்துவது என்னும் தெரிவு மட்டுமே ஆடுவோனுக்கு எஞ்சுகிறது. மொனொப்பொலியிலும் தற்செயலின் ஆட்சி பெரிது. நில ஏகபோகத்தின் தீமையை உணர்த்த எலிசபெத் மகி 1904இற் காப்புரிமை பெற்ற விளையாட்டே, 1935இற் பாக்கர் சகோதரர் நிறுவனத்தின் வழியே மொனொப்பொலியாகப் பரவியது. கண்டிக்கப் பிறந்தது கொண்டாடும் பொருளாயிற்று. அதில் முறிந்தவன் எழுந்து சென்று மற்றவர் முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். பதினான்கு குழிகள் கொண்ட பல்லாங்குழி இவ்வகையில் நுட்பமானது. முதற் சுற்றில் முத்துகளை இழந்தவன், அடுத்த சுற்றிற் சில குழிகளை நிரப்ப இயலாது, குறைந்த குழிகளோடு ஆடுகிறான். வறுமை அடுத்த சுற்றுக்கும் தொடர்கிறது. ஆனால் அவன் ஆட்டத்தை விட்டு அகற்றப்படுவதில்லை.

சதுரங்கம் தற்செயலை முற்றாக நீக்குகிறது. இரு பக்கமும் பதினாறு காய்கள். வெள்ளை முதலில் நகர்வதொன்றே வேறுபாடு. இச்சமத்துவம் அதன் பெருமை. ஆயின் வாழ்க்கையிற் சமவலிமையோடு எதிர்நிற்போர் மிகச் சிலரே.

யாழ்ப்பாணத்தில் நாயும் புலியும் என வழங்கும் ஆடுபுலியாட்டம் இவ்வுண்மையை விதியிலேயே ஒப்புக்கொள்கிறது. புலிகள் மூன்று, ஆடுகள் பதினைந்து. புலி தாவி வெட்டலாம், ஆடு வெட்டவியலாது. பதினைந்தும் பலகையில் வைக்கப்படும்வரை ஆடுகள் நகரவும் முடியாது. அவற்றுக்குரிய ஒரே படைக்கலம் நெருக்கம்: பின்னுள்ள புள்ளியில் இன்னோர் ஆடு நின்றால் புலி தாவ முடியாது. எம்முட் சதுரங்கத்திற் கைதேர்ந்த மட்டக்களப்பு நண்பர் ஆட்டுப்பக்கம் ஏற்றுத் தொடர்ந்து தோற்றார். ஒவ்வொரு காயின் வலிமையையும் தனித்தனியே மதிப்பிடும் பழக்கம் அவருக்குத் தடையாயிற்று. தனியாட்டுக்கு மதிப்பில்லை, அடுத்த புள்ளியில் யார் நிற்கிறார் என்பதே மதிப்பு. ஹற்றன் நண்பரோ ஓரங்களிலிருந்து நிரப்பிவந்து புலிகளை அசையவிடாது முடக்கினார்.

இவ்வாட்டத்தின் சிறப்பு அதன் சமமின்மையில் மட்டும் தங்கியிருக்கவில்லை. ஒருமுறை முடிந்ததும் பக்கம் மாற்றி ஆடவேண்டும் என நாம் வகுத்துக்கொண்ட ஒழுங்கே அதனை நீதியுடையதாக்கியது. புலியாக வென்றவன் மறுமுறை ஆடாக நின்று அச்சத்தை அறிகிறான். பக்கம் மாறாத ஆடுபுலியாட்டம் வெறும் வேட்டையே. சதுரங்கம் கணிக்கும் ஆற்றலை வளர்ப்பதில் இதனினும் ஆழமானது என்பதை மறுப்பதற்கில்லை. எதிர்ப்பக்கத்தான் நிலையை உணர்த்துவதில் ஆடுபுலியே மேம்பட்டது.

ஹென்றி பாக்கர் 1909இல் வெளியிட்ட பண்டைய இலங்கை பற்றிய நூலில் இந்நாட்டுப் பலகை விளையாட்டுகளையும் அவற்றின் விதிகளையும் பதிவு செய்தார். ஓர் அந்நியர் செய்த அப்பணியை நாம் தொடர்தல் வேண்டும். பல மாவட்ட மாணவர் ஒருங்கே கூடும் பல்கலைக்கழகத்தைவிட அதற்குத் தகுந்த இடம் வேறில்லை. பொங்கல் விழாவிற் காட்சிப்பொருளாக வைக்கும் பலகையைச் சதுரங்கப் பலகைக்கு அருகே போட்டிக்குரியதாக வைப்போம். ஆடுவோர் தத்தம் ஊர் விதிகளைச் சொல்ல, அவை எழுதப்படட்டும். புகழுரை அதன்பின் தேவைப்படாது.