யாருக்கு எந்தச் சாவி?

வாடகைக்குப் பெற்ற சர்வர் கணிப்பொறி ஒன்றில் ஒரு கல்லூரியின் மதிப்பெண்கள் பதிந்து வைக்கப்பட்டிருந்தன. அதனுள் நுழைய ஆசிரியர் அறுவருக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். ஒரு நாள் ஒரு மாணவனின் மதிப்பெண் மாறியிருந்தது. மாற்றியவர் யார்? அறுவர் மீதும் ஐயம் எழுந்தது. தாம் மாற்றவில்லை என்று மெய்ப்பிக்க ஒருவராலும் இயலவில்லை. அந்த அறுவருள் நானும் ஒருவன்.

இத்தகைய இடர்களைத் தவிர்க்கும் நெறிகளை ஜெரோம் சால்ட்ஸர், மைக்கேல் ஷ்ரோடர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1975-ஆம் ஆண்டிலேயே வகுத்தளித்தனர். கணிப்பொறிகளில் தகவல் பாதுகாப்புப் பற்றிய அவர்களது கட்டுரை எட்டு நெறிகளைக் கூறுகிறது. இன்றும் மேற்கோளாகக் காட்டப்படும் அக்கட்டுரையின் நிறைகுறைகளை ஆராய்வோம்.

வெளிப்படையாக அனுமதி தரப்பட்டாலன்றி எவரும் நுழையலாகாது என்பது ஒரு நெறி. இதற்கு அவர்கள் காட்டும் காரணம் நுட்பமானது. இம்முறையில் பிழை நேர்ந்தால் உரியவர் தடுக்கப்படுவார், உடனே முறையிடுவார், பிழை வெளிப்படும். மாறாக, எல்லாரையும் விட்டுச் சிலரை மட்டும் தடுக்கும் முறையில் பிழை நேர்ந்தால் ஆகாதவர் நுழைவார். அவர் முறையிடுவாரா?

பணிக்குத் தேவையான அளவுக்கு மேல் எவருக்கும் அனுமதி கூடாது என்பது மற்றொன்று. இயற்பியல் ஆசிரியர் வேதியியல் மதிப்பெண்ணைத் திருத்த வேண்டிய தேவை என்ன?

ஒவ்வொரு முறையும் அனுமதியைச் சோதிக்க வேண்டும் என்பது மூன்றாவது. கடவுச்சொல்லை ஒருமுறை கொடுத்ததும் இன்றைய சர்வர் நமக்கு ஒருவகை நுழைவுச்சீட்டைத் தந்துவிடுகிறது. பணியிலிருந்து விலகியவரின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கினாலும், பழைய சீட்டு காலாவதியாகும் வரை அவர் உலவக்கூடும். ஒருமுறை சோதித்ததை நினைவில் வைத்துக்கொண்டு காலம் தள்ளுவதை ஐயத்துடன் நோக்குக என்று ஆசிரியர்கள் அன்றே எச்சரித்தது வியப்புக்குரியது.

இனிக் குறைக்கு வருவோம். யார், எப்போது, என்ன செய்தார் என்று பதிந்து வைப்பதை எட்டு நெறிகளுள் ஒன்றாக அவர்கள் சேர்க்கவில்லை. கணிப்பொறிக்கு முழுமையாகப் பொருந்தாதது என்று தனியே ஒதுக்கினர். திறமையான திருடன் பதிவையும் அழித்துவிடுவான் என்பது அவர்கள் வாதம். பதிவும் அதே கணிப்பொறியில் இருக்கும்வரை அவ்வாதம் சரியே. இன்றோ பதிவை உடனுக்குடன் வேறொரு கணிப்பொறிக்கு அனுப்பி, அங்கே சேர்க்க மட்டும் அனுமதித்து, அழிக்கும் உரிமையை மறுக்க முடியும். ஆகவே இதனை ஒன்பதாம் நெறியாகவே கொள்ளுதல் வேண்டும். திருடனைப் பிடிக்க மட்டுமன்று, குற்றமற்றவரைக் காக்கவும் அது தேவை.

ஆனால் பதிவு பயன்பட வேண்டுமானால் ஆளுக்கொரு பெயர் வேண்டும். தனிப்பெயர் பெற விண்ணப்பித்து நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்ததால்தான் நாங்கள் ஒன்றைப் பகிர்ந்துகொண்டோம். பாதுகாப்பு முறை பயன்படுத்துவோர்க்கு எளிதாக இருத்தல் வேண்டும் என்ற அவர்களது எட்டாவது நெறியை நாங்கள் படித்திருந்தோம், பின்பற்றவில்லை. அது கட்டுரையின் குறையன்று, எங்கள் குறை.

மதிப்பெண் திருத்தப்பட்டுவிட்டது. ஐயம் மட்டும் இன்னும் அழியவில்லை.